மாலை ஏழு மணிக்கும் கதவு திறந்திருக்கட்டும்

எழும்பூர், பெரியமேடு, ஆயிரம் விளக்கு, நுங்கம்பாக்கம் வட்டாரத்தில் அருங்காட்சியகமும் கலைக்கூடங்களும் நடத்துகிற பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் புதுப்பேட்டையில் குடியிருக்கிறேன். பழைய மோட்டார் உதிரிபாகம் விற்கிற கடையொன்றில் கணக்கு எழுதுவது தொழில். ஓவியம் படித்தவனில்லை. வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது, அன்று ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். உங்கள் கூடங்களுக்கு வருகிறவர்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் குறைவு என்பது உங்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். அதனால் எங்கள் பக்கத்திலிருந்து கடிதமும் வந்திருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாளாவது இரவு எட்டரை வரை கதவைத் திறந்து வையுங்கள். திறந்திருப்பது எங்கள் தெருவுக்குத் தெரிகிற மாதிரி தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள். இதற்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்தான். நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் தெருவிலிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். இந்தப் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. கூவத்துக்கு அந்தப் பக்கம் கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை நிறுவனமான லலித் கலா அகாதமியின் மண்டல மையம். இன்னும் கொஞ்சம் நடக்கத் தெம்பிருந்தால் கல்லூரிச் சாலையில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ். இவ்வளவையும் கால்நடையாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு சாப்பிடலாம் என்கிற மாதிரி ஒரு பேட்டை நாட்டில் எத்தனை இருக்கும்? எங்கள் சந்தில் பிறந்து வளர்ந்து பேரன் எடுத்தவர்களிடம் கேட்டால், பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனபோது அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்பு பார்த்ததைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்குப் பெரிய சமூக ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அருங்காட்சியகம் காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறது. தனியார் கூடங்கள் ஆறு, ஆறரை, மிஞ்சிப்போனால் ஏழு. அவற்றில் பலவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எங்கள் கடைத் தெருவில் ஷட்டர் இறங்க எட்டாகும். பட்டறைகளில் கை கழுவ அதற்கும் மேலாகும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு மதியம் கிடைக்கிற ஒரு மணி நேரம் குழாயடிக்கும் அடுப்புக்கும் சரியாகிவிடும். உங்கள் நேரப்படி பார்த்தால் கண்காட்சிக்கு வரக்கூடியவர்கள் மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டுப் பயணிகள், தன் நேரம் தன் கையில் இருக்கிற வசதிக்காரர்கள். அவர்கள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால் நீங்கள் இரவு எட்டு மணி வரை விளக்கெரிய வைத்திருக்கிற நாளும் ஒன்று உண்டு. தொடக்க விழா. அன்றைக்குக் குத்துவிளக்கு, தலைமை விருந்தினர், சின்னக் கோப்பையில் தேநீர், காலணியின் ஓசை கேட்காத பளபளப்புத் தரை எல்லாம் இருக்கும். அழைப்பிதழ் இல்லாவிட்டாலும் உள்ளே விடுவார்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். முன்பு தெரியாது. வாசலில் கார்கள் நிற்கிற இடத்துக்குள் அழைப்பில்லாமல் நுழைவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அதை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

“திறந்து வைத்தால் மட்டும் வந்துவிடப் போகிறார்களா?” என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பதில் உங்கள் வட்டாரத்துச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், அவரும் மருத்துவர். (இந்த ஊரில் கலைக்கும் காட்சிக்கும் அடிப்போட்டவர்களெல்லாம் ஏன் மருத்துவர்களாகவே இருக்கிறார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.) 1854இல் பாந்தியன் தோட்டத்துக்கு இடம் மாறியது. கல்லும் எலும்பும் மட்டும் இருந்தால் சனம் ஒரு தரம் வந்துவிட்டுப் போய்விடும் என்று பால்ஃபருக்குப் புரிந்திருக்க வேண்டும். உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்து வளாகத்தில் வைத்தார். கூட்டம் அள்ளியது. பிறகு விலங்குக் காட்சிசாலை தனியாகப் பிரிந்து பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போனது. எங்கள் பாட்டிமார் காலத்துச் சென்னையில் அது உயிர்க் காலேஜ், எழும்பூரில் இருப்பது செத்த காலேஜ். கிராமத்திலிருந்து உறவுக்காரர் வந்தால் இரண்டு காலேஜையும் காட்டி அனுப்பாவிட்டால் மரியாதைக் குறைவு. பொங்கல் விடுமுறையில் ஆயிரக்கணக்கான பேர் கட்டுச்சோற்றோடு வந்து அந்த மரத்தடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், எட்கர் தர்ஸ்டன் பொறுப்பில் இருந்தபோது, பிற ஆண்களின் பார்வை படாமல் கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் வந்து பார்ப்பதற்கென்றே தனியாக நாள் ஒதுக்கினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தனக்குத் தோதான நேரத்தை விட்டுவிட்டு, வரவேண்டிய பெண்களுக்குத் தோதான நேரத்தை யோசித்திருக்கிறார். அப்போது முடிந்தது.

இன்னும் பக்கத்துச் சாட்சி வேண்டுமா? சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. வேலை நாட்களில் அது பிற்பகலில்தான் திறக்கும், இரவு எட்டரை வரை நடக்கும். அலுவலகம் முடிந்து பையை மாட்டியபடி நேராக வருகிற கூட்டத்தை நம்பித்தான் அதன் வியாபாரமே. மார்கழிக் கச்சேரிகளைப் பாருங்கள். முக்கியக் கச்சேரி மாலையில், மதியத்தில் இளையவர்கள் பாடுவதைக் காசில்லாமல் கேட்கலாம், நடுவில் கேண்டீன். ரவா தோசைக்காக வந்து கல்யாணி ராகத்தில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். நேரம், விலை, வயிறு மூன்றையும் சபாக்காரர்கள் சேர்த்தே யோசித்தார்கள். ஓவியக் கூடங்கள் மட்டும் ஏன் சர்க்கார் ஆபீஸ் நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, நான் இந்த மடலை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடைக்கு எதிரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். நசுங்கிய கதவையும் மட்கார்டையும் பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து, முன்னால் சுத்தியால் தட்டித் தட்டி, நசுங்கியதே தெரியாமல் ஆக்கிவிடுவார். ஒரு நாள் வேலை இல்லை. கரண்ட் போயிருந்தது, வெல்டிங் ஓடாது. அவரை இழுத்துக்கொண்டு ஒரு கலைக்கூடத்துக்குப் போனேன். எந்தக் கூடம் என்பது இங்கே தேவையில்லை. உலோகச் சிற்பக் கண்காட்சி. ஏசி, அமைதி, வெள்ளைச் சுவர். அவர் செருப்பை வாசலில் விடப் போனார், வேண்டாம் என்று உள்ளே கூட்டிப்போனேன்.

ஓவியமாக இருந்திருந்தால் அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு “நல்லாயிருக்கு, போலாமா” என்றிருப்பார். இது தகடு. நின்றுவிட்டார். ஒரு பெண் உருவம். செப்புத் தகட்டை வளைத்து, ஓரங்களை மடித்து, மேலே மெல்லிய கம்பியால் கோலம் போட்ட மாதிரி நகையும் பின்னலும் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் சுற்றிப் போய் முதுகுப் பக்கம் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். “இது கேஸ்ல பத்த வச்சது. ஆர்க் இல்ல. ஆர்க்னா தகடு ஓட்டையாயிடும். பித்தளைக் கம்பி குடுத்து பிரேசிங் பண்ணியிருக்காரு, பாரு, மஞ்சளா தெரியுது” என்றார். தோள் வளைகிற இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தது. அதைக் காட்டி, “இங்க சுருக்கத்த எடுக்க முடியாம இல்ல. வேணும்னே விட்டிருக்காரு. தட்டுன ஆளு கில்லாடி” என்றார். நான் அந்தச் சிற்பத்தை அதற்கு முன்பே ஒரு முறை பார்த்திருந்தேன். அந்தச் சுருக்கம் என் கண்ணில் படவே இல்லை.

அதே நேரத்தில் கூடத்து உதவியாளர் ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அண்ணனின் விரல் நகங்களில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டார் போல. “தொடாதீங்க” என்றார். அண்ணன் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “என்ன கேஜ் தகடுங்க இது?” என்று தகட்டின் கனத்தைக் கேட்டார். உதவியாளருக்குத் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்க்கச் சொன்னார். அதில் சிற்பியின் பெயர், ஆண்டு, உயரம் எத்தனை அங்குலம், ‘காப்பர்’, எல்லாம் ஆங்கிலத்தில். தலைப்பு ‘அன்டைட்டில்ட்’, அதாவது தலைப்பில்லாதது. விலை வேண்டுமென்றால் மேசையில் தனிப் பட்டியல்.

அந்த அறையில் அன்று இருந்தவர்களிலேயே அந்தச் சிற்பத்தை நன்றாகப் படித்தவர் அவர்தான். அவரிடம் பேச ஆளில்லை. திரும்பி வரும்போது அவர் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. “சிற்பி இருந்திருந்தா கேட்டிருக்கலாம்” என்றார், அவ்வளவுதான். குறைப்படுவது நான்.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். சென்னையின் நவீன சிற்பம் இந்தக் கைகளுக்கு அந்நியமான இடத்தில் பிறக்கவில்லை. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்தும் வெட்டியும் பற்றவைத்தும் சிற்பம் செய்தபோது, கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசத்தின் வேலைப்பாடு அவர் மனதில் இருந்தது. தகடு அடிக்கிற தட்டாருக்கும் கன்னாருக்கும் தெரிந்த வேலை அது. கவின் கலைக் கல்லூரியில் 1929 முதல் 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி மெரினாவில் உழைப்பாளர் சிலையை உருவாக்கியபோது கல்லூரியில் காவலாளியாக இருந்தவரையும் ஒரு மாணவரையும் மாதிரியாக நிற்கவைத்தார் என்பார்கள். 1959இலிருந்து கடற்கரைக்கு வருகிற குடும்பமெல்லாம் அந்தக் காவலாளியின் முதுகுத் தசையைப் பார்த்துக்கொண்டுதான் சுண்டல் தின்கிறது. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் மாணவர்களோடு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்தேதான் போனார். மெழுகு தடவிச் சாயமேற்றுகிற பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று நிலத்துக்கும் சோற்றுக்கும் வழி பார்த்தார்கள். கைத்தொழில்காரர்களாக இருந்து ஓவியர்களாக நிலைத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய படங்களும் சிற்பங்களும் இன்று தொங்குகிற அறைக்குள் கைத்தொழில்காரர் கூசிக்கூசி நுழைய வேண்டியிருக்கிறது.

ஓவியமும் அப்படித்தான். நவீன ஓவியம் மக்களுக்குப் புரியாது என்று ஒரு பேச்சு உண்டு. கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள் தமிழ் வார இதழ்களிலும் சிறுபத்திரிகைகளிலும் எத்தனை ஆண்டுகள் வந்தன! டிராட்ஸ்கி மருதுவின் குதிரைகள் எங்கள் சலூனில் கிழிந்த பத்திரிகைப் பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் புரியவில்லை என்று பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ரவி வர்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூஜை அலமாரியில் லட்சுமியும் சரஸ்வதியும் அவர் போட்ட முகத்தோடுதான் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவருடைய அசல் எண்ணெய் ஓவியங்கள் நடக்கிற தூரத்தில் இருந்தன. அருங்காட்சியக வளாகத்தில் அவை இருந்த அந்தச் சிவப்புக்கல் கட்டடம், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறந்தது, நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. எங்கள் தெருவில் ஒரு தலைமுறை அதை வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்து வளர்ந்துவிட்டது. பாதுகாப்புக் காரணம், கட்டடம் பலவீனம், பழுது பார்ப்பு என்று நியாயங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பூட்டு தொங்குகிறது என்று வருத்தப்பட்டவர்களின் பட்டியலில் புதுப்பேட்டை இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு தடவையாவது உள்ளே போயிருந்தால்தானே வருத்தம் வரும்.

அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் நிற்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் அந்தச் சிலையைப் பற்றி உருகி எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கையில் கிடைத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு எழுதினார். பாரிசில் இருந்த மனிதருக்கு எட்டிய நடராசர் ஆதித்தனார் சாலையில் இருப்பவருக்கு எட்டாமல் போகிறார், ஐந்து மணிக்குக் கதவு சாத்துவதால்.

“நாங்கள்தான் மக்களிடம் வந்துகொண்டிருக்கிறோமே” என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 2020இல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் ஓவியர்கள் வந்து ஆளுயரத்துக்குப் பல மடங்காக முகங்கள் வரைந்தார்கள். 2019இல் பினாலே என்கிற, இரண்டாண்டுக்கொரு முறை நடக்கிற புகைப்படக் கண்காட்சி, சேப்பாக்கம் செனட் மாளிகைக்குள் படங்களை வைத்தபோது, படம் பார்க்கிற சாக்கில் அந்தக் கட்டடத்தையும் பலர் முதல்முறையாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். சென்னை சங்கமம் 2007இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023இல் நம்ம ஊர்த் திருவிழாவாகத் திரும்ப வந்தபோது பூங்காக்களில் பறையும் கரகமும் கூட்டம் கூட்டின. மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமல் நடக்கிற கச்சேரியை நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வியர்வையோடு உட்கார்ந்து கேட்கிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள். கண்ணகி நகர் பற்றி மட்டும் எனக்கொரு முணுமுணுப்பு உண்டு. நகரத்துக்குள் கூவக்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை அவ்வளவு தூரம் தள்ளி வைத்துவிட்டு, அங்கே சுவருக்கு வண்ணம் அடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடுமா? அங்கிருக்கிற பிள்ளை கிரீம்ஸ் சாலைக்கு வந்து ஒரு படம் பார்க்க எத்தனை பேருந்து மாற வேண்டும்? இது உங்கள் கையில் இல்லாத விஷயம் என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

திருவிழா ஆண்டுக்கொரு முறை. நான் கேட்பது எந்த விசேஷமும் இல்லாத ஒரு புதன்கிழமை. சட்டை மாற்றாமல் போய், அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வழியில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற மாதிரியான புதன்கிழமை. பழக்கம் அப்படித்தான் உண்டாகும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். காவலாளிக்குக் கூடுதல் ஷிப்ட், மின்சாரம், காப்பீடு. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கும் அது தெரியும். நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை, மாற்றி வைக்கச் சொல்கிறேன். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு உங்கள் கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் விடுப்புப் போட்டு வந்த நாட்களில் பெரும்பாலும் நானும் காவலாளியும்தான். அன்று ஒரு மணிக்குத் திறந்து எட்டரைக்கு மூடினால் அதே மணிநேரம், அதே சம்பளம். அரசு நிறுவனங்களுக்கு விதிமுறை, கோப்பு, அனுமதி என்று நாலு மேசை தாண்ட வேண்டியிருக்கும். தனியார் கூடங்களுக்கு அந்தத் தடைகூட இல்லை. ஆகவே தனியார்தான் முதலில் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அருங்காட்சியகத்துக்கு முழு வளாகமும் வேண்டாம். வெண்கலக் கூடம் ஒன்று மட்டும் திறந்திருந்தால் போதும்.

திறந்தால் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் கழிப்பறை. ஓவியத்தைப் பற்றிய கடிதத்தில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். குழந்தையோடு வருகிற பெண் ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் இருப்பாளா மாட்டாளா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பிறகு உட்கார ஒரு பெஞ்சு. மூட்டு வலியுள்ள என் தாயார் நின்றபடி எத்தனை படம் பார்ப்பார்? குடிக்கத் தண்ணீர். வெளியே வருகிற பாதையில் ஒரு விளக்கு.

அடுத்தது அந்த அட்டை. தமிழில் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். ஆங்கில வாசகத்தை யாரிடமோ கொடுத்துப் பெயர்த்து, எந்த மொழிக்காரருக்கும் விளங்காத நான்கு வரியை ஒட்டுவீர்கள். அது வேண்டாம். இந்தப் படம் எதால் செய்தது, எப்படிச் செய்தது, எத்தனை நாள் பிடித்தது, செய்தவர் எந்த ஊர்க்காரர், அவ்வளவு போதும். செதுக்கு அச்சு என்றால் துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டு அரிக்கவிட்டு, மை தடவி அழுத்தி எடுப்பது என்று இரண்டு வரி எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் அச்சக வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு, உடனே பிடித்துக்கொள்வார்கள். படத்தின் அர்த்தத்தை விளக்க வேண்டாம். அதை நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம், சண்டையும் போட்டுக்கொள்கிறோம்.

முடிந்தால் அந்த மாலையில் ஓவியரையே வரச் சொல்லுங்கள். மேடையெல்லாம் வேண்டாம். ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும். என்ன கேஜ் என்று கேட்டால் சொல்லட்டும்.

இன்னொரு யோசனை, இது பேராசையாகக்கூட இருக்கலாம். அண்ணா சாலையில் தியேட்டர் வாசல்களில் நாற்பது அடி, ஐம்பது அடி கட்டவுட் நின்ற காலத்தில் அதை வரைந்த கைகள் நம் பேட்டைகளில்தான் இருந்தன. சதுரக் கட்டம் போட்டு, சின்னப் புகைப்படத்தைப் பெரிய துணிக்கு ஏற்றி, கன்னத்துக்கு ஊதாவும் நெற்றிக்கு மஞ்சளும் துணிந்து போட்டவர்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தாறுமாறான வண்ணத் திட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் போனால் உயிருள்ள முகம். டிஜிட்டல் பிளெக்ஸ் வந்ததும் தொழில் போயிற்று. சிலர் நம்பர் பிளேட் எழுதப் போனார்கள், சிலர் ஒன்றும் செய்யவில்லை. இன்னும் உயிரோடு இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, உங்கள் கூடத்தின் பெரிய சுவரில் ஒரு பேனர் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதை நாங்கள் நின்று பார்க்கிறோம். கூலியைக் கொடுத்துவிடுங்கள், சான்றிதழோடு அனுப்பிவிடாதீர்கள்.

கடைசியாக அந்தத் தாள். பல வண்ண அழைப்பிதழ் எங்களுக்கு வந்து சேராது, இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடர்கிறவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஏ4 தாளில் கறுப்பெழுத்தில் நாள், நேரம், இடம், இலவசம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். ‘இலவசம்’ என்பதைப் பெரிதாகப் போடுங்கள். கண்காட்சிக்குக் கட்டணம் உண்டென்று நினைத்துக்கொண்டு கதவு வரை வந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். டீக்கடை, சலூன், இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்ட், ரேஷன் கடை, மாநகராட்சிப் பள்ளி வாசல். ஒட்டுவது என் பொறுப்பு. பசை வாங்குகிற செலவும் என்னுடையது.

எங்கள் பக்கத்திலிருந்தும் சில உறுதிமொழிகள் தர வேண்டும் அல்லவா. பிள்ளைகள் ஓடும், ஆனால் சிற்பத்தின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். செல்பி எடுப்போம், பிளாஷ் போட மாட்டோம். “இதுக்கு இவ்ளோ விலையா?” என்று யாராவது சத்தமாகக் கேட்பார். அதைத் தடுக்க என்னால் முடியாது. பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சனிக்கிழமை பட்டறைகளில் வாரச் சம்பளம், இரவு ஒன்பதுக்கு முன்னால் யாரும் நகர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பெண்கள் கோயிலுக்குப் போவார்கள், பெரியமேட்டுக் கடைக்காரர்களுக்குத் தொழுகை நாள். ஞாயிறு மாலை நான்கு முதல் எட்டு வரை என்றால் எல்லாருக்கும் ஒத்துவரும், உங்கள் ஊழியர்களுக்குத்தான் கஷ்டம். மீதி இருப்பதில் புதன்தான் எனக்கு நல்லதாகப் படுகிறது. அடுத்த உலோகச் சிற்பக் கண்காட்சி எப்போது என்று தெரிந்தால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். டிங்கரிங் அண்ணன் அன்றைக்கு வேலைக்கு வண்டி எடுக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
புதுப்பேட்டைக் கணக்குப்பிள்ளை